ரோசா இலை ஏன் மஞ்சளாகுது?

கிழமை முழுக்க கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நான். தோட்டத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு நல்ல ரோசாச் செடியைச் சாகிற நிலைக்குக் கொண்டுபோய், பிறகு ஒருமாதிரி மீட்டு எடுத்தவன் என்பதுதான் பதில். பிளாக்டவுன், ஸ்கோஃபீல்ட்ஸ், மார்ஸ்டன் பார்க் பக்கம் புது வீடு கட்டிப் போன நண்பர்கள் கனபேர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ரோசா வைச்சம், இலை எல்லாம் மஞ்சளாப் போகுது, என்ன செய்யிறது?" அவர்களுக்காகத்தான் இந்த முறை எழுதுகிறேன்.

அந்த ரோசா என் அப்பா நட்டது. பென்டில் ஹில்லில் நாங்கள் முதன்முதலில் வாங்கிய வீட்டின் முன்பக்கத்தில், 1990களின் கடைசியில் வைத்தார். கடும் சிவப்பு, நல்ல வாசம். இனத்தின் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா போன பிறகு அம்மா தினமும் காலையில் ஒரு பூ சாமிக்கும் ஒரு பூ அப்பாவின் படத்துக்கும் வைப்பார். மூன்று வருடத்துக்கு முன் அந்த வீட்டை விற்று, அம்மா பிளாக்டவுனில் எங்களுடைய புது வீட்டுக்கு வந்தார். தளபாடம், பாத்திரம் எதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, அந்த ரோசாவை மட்டும் விட்டிட்டு வரேலாது."

சரி என்று யூலை மாதம் கொப்புகளை நல்லாக வெட்டி, வேரோடு தோண்டி எடுத்துக்கொண்டு வந்து, புது வீட்டின் முன்னால் ஒரு கிடங்கு வெட்டி, கடையில் வாங்கிய இரண்டு பை சாடி மண்ணைப் போட்டு நட்டேன். செப்டெம்பரில் கொழுந்து வந்தது. அம்மாவின் முகமும் மலர்ந்தது. நவம்பரில் இலை மஞ்சளாகத் தொடங்கியது.

எங்கள் வீட்டில் உடனே மூன்று வைத்தியர்கள் தோன்றினார்கள். அம்மா சொன்னார், "எரு காணாது." மனைவி சொன்னாள், "வெயிலுக்குத் தண்ணி காணாது, பாருங்கோ." நான் இரவு இரண்டு மணி வரை இணையத்தில் படித்துவிட்டு, "இது இரும்புச் சத்துக் குறைபாடு" என்று தீர்ப்புச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமையே எப்சம் உப்பு, இரும்புச் செலேட், ரோசாப் பசளை, கடற்பாசித் திரவம் எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டேன். எட்டு வயது மகளிடம், "ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு வாளி தண்ணி ஊத்த வேணும், இது உன்ர பொறுப்பு" என்று சொன்னேன். பிள்ளை ஒரு நாளும் தவறவிடவில்லை.

சனவரியில் செடியில் மிஞ்சியது தடிகளும் பத்துப் பதினைந்து மஞ்சள் இலைகளும்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் படுக்கப் போகும்போது மகள் கேட்டாள்.

"அப்பா, நான் தண்ணி ஊத்தினதாலதான் அப்பப்பாவின்ர ரோசா சாகுதா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. வேலையில் ஒரு மென்பொருள் பிழைத்தால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்வோம். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. அலுவலகத்தில் மற்றவர்களுக்கு இதைப் படிப்பிக்கிற நான் வீட்டு முற்றத்தில் செய்தது அதற்கு நேர் எதிர். அடுத்த நாள் முதல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினோம்.

மருந்து வாங்க முதல் மூன்று கேள்வி

மஞ்சள் என்பது வருத்தத்தின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி அது ஒரு அறிகுறி. காய்ச்சலுக்குப் பல காரணம் இருக்கிற மாதிரி இதற்கும் இருக்கிறது. ஆகவே கடைக்குப் போக முதல் மூன்று விடயம் பாருங்கள்.

ஒன்று, எந்த இலை மஞ்சள்? கீழே இருக்கிற பழைய இலையா, நுனியில் இருக்கிற கொழுந்தா?

இரண்டு, எப்படி மஞ்சள்? முழு இலையுமா, நரம்பு பச்சையாக இருக்க இடைவெளி மட்டுமா, கறுப்புப் புள்ளியைச் சுற்றியா, ஊசியால் குத்தின மாதிரிச் சின்னப் பொட்டுகளா?

மூன்று, மண் எப்படி இருக்கிறது? மேல் மண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். விரலை முழுக்க உள்ளே விட்டுப் பாருங்கள். அல்லது சின்ன மண்கரண்டியால் ஒரு சாண் ஆழம் கிளறிப் பாருங்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கீழ் இலை ஒன்றிரண்டு மட்டும் மஞ்சள்: பயப்பட ஒன்றுமில்லை. இலைக்கும் வயது போகும். "காவோலை விழ குருத்தோலை சிரிக்குமாம்" என்று அம்மா பனையைப் பற்றிச் சொல்வார், ரோசாவுக்கும் அது பொருந்தும். சிட்னியில் ஏப்ரல், மே மாதங்களில் குளிர் தொடங்கும்போது கூடுதலாகப் பழுக்கும். இங்கே குளிர் கடுமை இல்லாததால் சில ரோசாக்கள் யூலையிலும் பாதி இலையோடு நிற்கும். அதுவும் வழமையே.

கறுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள், பிறகு இலை உதிரும்: இது கரும்புள்ளி நோய். ஒரு பூஞ்சணத்தால் வருவது. புள்ளியின் ஓரம் நேராக இல்லாமல் பிசிறு பிசிறாக இருக்கும். கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறும். இந்தப் பூஞ்சணத்தின் வித்து முளைத்து இலைக்குள் போக, இலை கிட்டத்தட்ட ஏழு மணித்தியாலம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். இதில்தான் பலர் பிழை விடுகிறோம். வேலையால் வந்து இரவு ஏழு மணிக்குக் குழாயால் செடி முழுக்கக் குளிப்பாட்டினால், இலை விடியும் வரை ஈரம். காலையில், இலையில் படாமல், அடியில் மட்டும் விடுங்கள். விழுந்த இலையைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், எருக்குழியில் போட வேண்டாம். நடுவில் நெருக்கமான கொப்புகளை வெட்டினால் காற்று ஓடும். பொட்டாசியம் பைகார்பனேட் கலந்த மருந்துகள் கடைகளில் இருக்கின்றன, போத்தலில் சொன்ன அளவுக்கு மேல் போகாதீர்கள். மருந்து புது இலையைக் காக்கும், புள்ளி விழுந்த இலையைத் திருப்பிப் பச்சையாக்காது. 2022 இல் சிட்னி நகரில் 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது, பதிவு தொடங்கியதிலிருந்து ஆகக் கூடிய வருட மழை அது. அந்த வருடம் உங்கள் ரோசா மொட்டையாக நின்றிருந்தால் அது உங்கள் பிழை இல்லை.

பழைய இலை முழுவதும் வெளிறின மஞ்சள், செடி வளராமல் நிற்கிறது: பெரும்பாலும் நைதரசன் குறைவு. செடி பழைய இலையில் இருக்கிற சத்தை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். மக்கிய மாட்டெரு, கம்போஸ்ட் அல்லது ரோசாப் பசளை போதும்.

பழைய இலையில் நரம்பு பச்சை, இடையில் மஞ்சள்: மக்னீசியம் குறைவாக இருக்கலாம். எப்சம் உப்பு உதவுவது இந்த ஒரு இடத்தில்தான். எல்லா மஞ்சளுக்கும் அது மருந்து இல்லை. கூடிப்போனால் செடி கல்சியம் எடுப்பதைத் தடுக்கும்.

கொழுந்தில் நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் அல்லது வெள்ளை: இரும்பு போய்ச் சேரவில்லை. கவனியுங்கள், மண்ணில் இரும்பு இல்லை என்று சொல்லவில்லை. அனேகமாக மண்ணில் இருக்கும், வேரால் எடுக்க முடியாமல் இருக்கும். அதற்கு இரண்டு முக்கிய காரணம். ஒன்று, மண்ணின் காரத்தன்மை கூடியிருப்பது. ரோசாவுக்கு பி.எச். 6 முதல் 6.5 வரை நல்லது. புது வீட்டில் சுவர் ஓரம் சீமெந்து, சுண்ணாம்புக் கழிவு புதைந்து கிடந்தால் அது ஏறும். பி.எச். பார்க்கும் பெட்டி கடையில் மலிவாக வாங்கலாம். இரண்டாவது காரணம், மண்ணில் தண்ணி தேங்கி வேர் மூச்சு விடமுடியாமல் இருப்பது. நான் விட்ட பிழை இங்கேதான். படத்தைப் பார்த்து "இரும்பு" என்று சரியாகச் சொன்னேன், ஏன் இரும்பு போகவில்லை என்று கேட்கவில்லை.

மேலே ஊசிக்குத்து மாதிரி மஞ்சள் பொட்டு, கீழே மெல்லிய வலை: சிற்றுண்ணி. வெயிலும் வறட்சியும் கூடின நாட்களில் வரும். இலைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள், பொட்டுப் பொட்டாக ஏதாவது நகர்ந்தால் அதுதான். காலையில் இலையின் அடிப்பக்கத்துக்குத் தண்ணியை வேகமாகப் பீச்சினால் பெரும்பகுதி போய்விடும். கண்ட பூச்சி மருந்தை அடித்தால் சிற்றுண்ணியைத் தின்னும் நல்ல பூச்சிகளும் செத்து, நிலைமை மோசமாகும்.

இலையில் மஞ்சள் கோலம் போட்ட மாதிரி வளைவு நெளிவு: வைரசு. ஒட்டுக் கட்டும்போதே வந்திருக்கும். மருந்து இல்லை. பக்கத்துச் செடிக்கு அனேகமாகத் தொற்றாது. பூக்கிறது என்றால் அப்படியே விடலாம்.

ஓரம் காய்ந்து மொறுமொறு என்று மஞ்சள்: தண்ணி காணாது. எங்கள் பக்கம் வெயில் சாதாரண வெயில் இல்லை. 2020 சனவரி 4 ஆம் திகதி பக்கத்தில் இருக்கிற பென்ரித்தில் 48.9 பாகை பதிவானது. அப்படியான நாட்களில் நல்ல செடியும் வாடும்.

இலை மெத்தென்று மஞ்சளாகி, தொட்டால் விழும், மண் ஈரம்: தண்ணி கூடிவிட்டது. எங்களுடைய வருத்தம் இதுதான்.

கிடங்கு அல்ல, கிணறு

மகளும் நானும் செடிக்குப் பக்கத்தில் ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டினோம். மேலே இரண்டு அங்குலம் காய்ந்த மண். அதன் கீழே சாடி மண் சேறாக இருந்தது. அதையும் தாண்டினால் மஞ்சளும் சாம்பலும் கலந்த களி, பாத்திரம் செய்யலாம். சாக்கடை மணம். நான் வெட்டிய கிடங்கின் அடியில் தண்ணி நின்றது.

மேற்கு சிட்னியின் மண் பெரும்பாலும் வியனமட்டா எனப்படும் களிப்பாறையிலிருந்து வந்த களிமண். பழைய வீடுகளில் பல வருடத்து மேல்மண் இருக்கும். அப்பாவின் ரோசா பென்டில் ஹில்லில் இருபது வருடத்துக்கு மேல் நின்றது அதனால்தான். புதுக் குடியிருப்புகளில் நிலத்தைச் சமப்படுத்தும்போது மேல்மண் போய்விடும். பாரமான இயந்திரங்கள் ஓடி அடிமண் இறுகிவிடும். அதன் மேல் மெல்லிசாக ஒரு படை மண், அதற்கு மேல் புல் விரிப்பு. பார்க்கப் பச்சை, கீழே கல்லு மாதிரி. அந்தக் களியில் கிடங்கு வெட்டி, பொலுபொலு என்ற சாடி மண்ணை நிரப்பினால், சுற்றியுள்ள தண்ணியும் அதற்குள் வந்து சேரும், வெளியே போக வழி இல்லை. நான் வெட்டியது ஒரு கிணறு. வேருக்குத் தண்ணி மாதிரியே காற்றும் வேண்டும். காற்று இல்லாமல் வேர் அழுக, இலை மஞ்சளாகிறது. மஞ்சளைப் பார்த்து நாங்கள் மேலும் தண்ணி ஊத்தினோம்.

அன்றைக்கு இரவு மகளுக்குப் பதில் சொன்னேன். "ஓம் குஞ்சு, தண்ணி கூடிப் போச்சு. ஆனா ஊத்தச் சொன்னது அப்பா. கிடங்கை வெட்டினதும் அப்பா. நீ சொன்ன வேலையைச் சரியாச் செய்தாய்." இல்லை, உன்னால் இல்லை என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் அவள் சேற்றைக் கண்ணால் பார்த்தவள், நம்பியிருக்கமாட்டாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நாளைக்கு என்ன செய்வம்?" என்று கேட்டாள்.

நாங்கள் செய்தது

சனவரி வெயிலில் செடியைப் பிடுங்கி நட முடியாது, அது கொலை. ஆகவே பள்ளமான பக்கமாக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணியை வடியவிட்டோம். பசளை எல்லாம் நிறுத்தம். வேர் அழுகின செடிக்குப் பசளை போடுவது, வயிற்றுப்போக்குக்காரனுக்குப் பிரியாணி கொடுக்கிற மாதிரி. விரல் வைத்துப் பார்த்து, ஒரு சாண் ஆழத்தில் காய்ந்தால் மட்டும் தண்ணி. நாற்பது பாகை நாட்களில் நிழல் துணி.

ஏப்ரலில் நல்லாயிருந்த ஒரு கொப்பிலிருந்து, பென்சில் மொத்தத்தில், ஒரு சாண் நீளத்தில் ஆறு தடி வெட்டி, மணல் கலந்த சாடியில் ஊன்றினோம். எங்கள் தொழிலில் இதைத்தான் பேக்அப் என்போம். ஆறில் இரண்டு வேர் விட்டது. உங்களிடம் இப்படி ஞாபகத்துக்குரிய செடி இருந்தால், அது நல்லாயிருக்கும்போதே தடி ஊன்றிவிடுங்கள், வருத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

யூலையில் செடியை எடுத்தோம். பாதி வேர் கறுத்து, கையில் கழன்று வந்தது. அழுகினதை வெட்டிவிட்டு, மேல் கொப்புகளையும் குறைத்து, புதிய இடத்தில் நட்டோம். இந்த முறை கிடங்கு இல்லை, மேடை. மரச்சட்டம் அடித்து ஒன்றரை அடி உயரம். அடியில் இருந்த களியை முள்ளுக்கரண்டியால் இளக்கி, ஜிப்சமும் கம்போஸ்டும் கலந்து, அதன் மேல் தோட்ட மண் நிரப்பினோம். காலை வெயில் ஆறு மணித்தியாலமாவது படும் இடம்.

ஜிப்சம் எல்லாக் களிக்கும் வேலை செய்யாது. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, பிள்ளைகளோடு செய்யலாம். காய்ந்த களிமண் கட்டி ஒன்றை, கடலை அளவு, ஒரு கண்ணாடிக் கிளாஸ் மழைத் தண்ணிக்குள் மெதுவாகப் போடுங்கள். கலக்க வேண்டாம். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரிக் கலங்கியிருந்தால் ஜிப்சம் உதவும். கட்டி உடைந்தும் தண்ணி தெளிவாக இருந்தால் கம்போஸ்ட் மட்டும் போதும். நடுவதற்கு முன் வடிகாலையும் பாருங்கள்: ஒரு அடி ஆழக் கிடங்கில் தண்ணி நிரப்பி, அது வடிந்தபின் திரும்ப நிரப்புங்கள். மறுநாள் காலையும் தண்ணி நின்றால் அந்த இடத்தில் கிடங்கு வெட்டி நட வேண்டாம்.

இப்போது தண்ணி விடும் முறையும் மாறிவிட்டது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இல்லை. கோடையில் கிழமைக்கு இரண்டு முறை, காலையில், ஆழமாக. குளிர்காலத்தில் மழை பெய்தால் அதுவே போதும். அடியில் இரண்டு மூன்று அங்குலம் வைக்கோல் மூடாக்கு, தண்டைத் தொடாமல். பசளை ஓகஸ்டு கடைசியில் கொழுந்து வந்தபின் தொடங்கி, பூக்கும் காலம் முழுக்க அளவாக.

இன்னொரு விடயம். எங்கள் கைக்கு வரும் ரோசாக்களில் பல ஐரோப்பியக் குளிருக்காக உருவாக்கப்பட்டவை. கொடைக்கானலில் குடியேறிய எம். எஸ். வீரராகவன் என்ற முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி, வெப்பநாட்டுக்கு ஏற்ற ரோசாக்களை உருவாக்குவதிலேயே பல வருடங்களைச் செலவழித்தவர். இந்தியக் காட்டு ரோசா இனங்களோடு கலந்து புது வகைகளைக் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயர். புதிதாக வாங்குகிறவர்கள் படத்தை மட்டும் பார்க்காமல், சிட்னியின் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் தாங்குமா, கரும்புள்ளி வருமா என்று கேட்டு வாங்குங்கள். இருக்கிற இடத்துக்கு ஒத்துப்போவது ஆளுக்கும் செடிக்கும் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. இந்த ஒன்றரை வருடத்தில் மகள் படித்த தமிழ்ச் சொற்கள்: கொழுந்து, கொப்பு, நரம்பு, பழுத்த இலை, சருகு, களி, எரு, மூடாக்கு. ஒன்றும் பாடப் புத்தகத்தில் வந்ததில்லை, அப்பம்மாவோடு மண்ணில் குந்தியிருந்து வந்தது. "பழம் பழுக்கும், இலையும் பழுக்குமா?" என்று கேட்டு ஆச்சரியப்பட்டாள். வீட்டில் தமிழ் கதைக்க விடயம் இல்லை என்று சொல்கிறவர்கள் ஒரு சாடியில் ஒரு செடி வைத்துப் பாருங்கள்.

போன ஒக்டோபரில் அந்தச் செடியில் மூன்று பூ வந்தது. அம்மா இரண்டை வழமை மாதிரி வைத்துவிட்டு, மூன்றாவதை மகளின் தலையில் குத்திவிட்டார். வேர் விட்ட இரண்டு தடியில் ஒன்று இப்போது டூங்காபியில் தங்கச்சி வீட்டில். மற்றது எங்கள் பின்வளவில் ஒரு சாடியில் நிற்கிறது. அதன் கீழ் இலை இரண்டு நேற்று மஞ்சளாகத் தெரிந்தது. மகள் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், "பிரச்சினை இல்லை அப்பா, அது வயசு போன இலை."